யார் போய்ப் பார்த்தது?

2025 மே மாதம் இந்தியாவும் பாகிஸ்தானும் மோதிக்கொண்ட நாட்களில் எக்ஸ் தளத்தில் ஒரு காணொளி சுற்றியது. பார்த்தவர்களில் பலர் செய்தித்தாளைப் புரட்டவில்லை; சரிபார்ப்புத் தளம் எதையும் தேடிப் போகவும் இல்லை. பதிவின் கீழேயே க்ரோக் என்னும் சாட்பாட்டை அழைத்து, ‘இது உண்மையா?’ என்று கேட்டார்கள். பாகிஸ்தானின் நூர் கான் விமானப்படைத் தளத்தின்மீது நடந்த ஏவுகணைத் தாக்குதல் என்று அது அடையாளம் சொன்னது. உண்மையில் அது சூடான் தலைநகர் கார்ட்டூமின் விமான நிலையத்தில் எடுக்கப்பட்ட பழைய காணொளி. நேபாளத்தில் எரிந்த ஒரு கட்டடத்தின் காட்சியையும் பாகிஸ்தானின் பதிலடியாக இருக்கக்கூடும் என்றது. மூன்று மாதம் கழித்து, காசா நகரில் பசியால் எலும்பும் தோலுமான ஒரு சிறுமியின் படத்தைக் காட்டிக் கேட்டபோது, 2018இல் யேமனில் எடுத்தது என்று அடித்துச் சொன்னது. ஏஎஃப்பி நிறுவனத்தின் புகைப்படக்காரர் அந்தப் படத்தை 2025 ஆகஸ்ட் 2ஆம் தேதி எடுத்திருந்தார்.

தவறு மனிதருக்கும் நேரும். இங்கே உறுத்துவது வேறொன்று. கேட்ட இடத்திலேயே, கேட்ட நொடியிலேயே தீர்ப்பு கிடைத்துவிட்டது. அந்தத் தீர்ப்புக்காக யாரும் எங்கும் போய் எதையும் பார்க்கவில்லை.

அதே காணொளி ஒரு சரிபார்ப்பாளரின் கைக்கு வந்தால் என்ன நடக்கும்? முதலில் அதைத் தனித்தனிச் சட்டகங்களாகப் பிரிப்பார். இன்விட் போன்ற கருவி அதைச் செய்து தரும். தெளிவாக உள்ள சட்டகங்களைக் கூகுள் லென்ஸிலும் யாண்டெக்ஸிலும் மாறி மாறிப் போட்டுத் தேடுவார். கிடைக்கும் பதிவுகளில் எது மிகப் பழையது என்று தேதிவாரியாகப் பின்னோக்கிப் போவார். சண்டை தொடங்குவதற்கு முன்பே அது இணையத்தில் இருந்தால் பாதி வேலை முடிந்தது. நேரம் பிடிப்பது மீதிப் பாதிதான். ஓடுபாதையின் போக்கு, கட்டடங்களின் கூரை, நிற்கும் விமானங்களின் வால் சின்னம் ஆகியவற்றைச் செயற்கைக்கோள் படத்தோடு ஒப்பிட வேண்டும். நிழல் விழும் திசையைப் பார்க்க வேண்டும். முதலில் பதிவேற்றியவருக்கு எழுதிக் கேட்க வேண்டும். அந்த ஊரில் தெரிந்த செய்தியாளர் இருந்தால் தொலைபேசியில் அழைக்க வேண்டும். இத்தனைக்குப் பிறகும் சில நேரம், ‘எங்கே எடுத்தது என்று உறுதிசெய்ய முடியவில்லை’ என்றுதான் எழுத முடியும். அப்படி எழுதுவதும் இந்தத் தொழிலில் ஒரு முடிவுதான்.

இதில் இரண்டு வேலைகள் கலந்திருக்கின்றன. ஏற்கெனவே எங்கோ பதிவாகியிருக்கும் சான்றைத் தேடி எடுப்பது ஒன்று. எங்கும் பதிவாகாத சான்றை ஆளைக் கேட்டு, இடத்துக்குப் போய், ஆவணத்தை வாங்கித் திரட்டுவது இன்னொன்று. ஆக்கச் செயற்கை நுண்ணறிவு முதல் வேலையை அடியோடு மாற்றிக்கொண்டிருக்கிறது. இரண்டாவதை அது இன்னும் தொடவில்லை. கணினித் துறை ஆய்வுகள் இதுவரை அளந்துவந்தது பெரும்பாலும் முதல் வேலையைத்தான். அதனால் இயந்திரத்தின் திறமை பற்றி நம்மிடம் உள்ள மதிப்பீடு மிகையானது என்பது என் வாதம். தமிழ் போன்ற மொழிகளில் அந்த மிகை இன்னும் பெரியது.

இந்தத் தொழிலுக்கு வயது அதிகமில்லை. அமெரிக்காவில் ஃபேக்ட்செக்.ஆர்க் 2003இலும் பொலிட்டிஃபேக்ட் 2007இலும் தொடங்கின; சர்வதேச உண்மை சரிபார்ப்பு வலைப்பின்னல் 2015இல் பாயின்டர் நிறுவனத்தில் உருவானது. ஏறக்குறைய அதே காலத்தில் கணினி மொழியியலாளர்களும் இதில் இறங்கினார்கள். ஆண்ட்ரியாஸ் விலாகோஸும் செபாஸ்டியன் ரீடலும் 2014இல் பத்திரிகையாளர்களின் சரிபார்ப்புகளைக் கொண்டு ஒரு சிறிய தொகுப்பைச் செய்தார்கள். 2017இல் வில்லியம் யாங் வாங் பொலிட்டிஃபேக்ட்டிலிருந்து சுமார் 12,800 கூற்றுகளை எடுத்து ‘லையர்’ என்ற தொகுப்பை வெளியிட்டார். 2018இல் வந்த ‘ஃபீவர்’ தொகுப்பில் 1,85,445 கூற்றுகள். எண்ணிக்கை பெருகிய வேகத்தில் ஒரு விஷயம் மறைந்துபோனது. ஃபீவரில் உள்ள கூற்றுகள் விக்கிப்பீடியா வாக்கியங்களை அப்படியும் இப்படியும் மாற்றி எழுதியவை. சரிபார்ப்பதற்கான சான்றும் அதே விக்கிப்பீடியாவில் இருக்கும். தெருவில் புழங்கும் வதந்திக்கு அந்த வசதி கிடையாது. அது கிளம்பும் நாளில் அதை மறுக்கும் பக்கம் எதுவும் உலகில் இருக்காது.

இதை ஜெர்மனியைச் சேர்ந்த மாக்ஸ் குளோக்னரும் உடன் ஆய்வாளர்களும் 2022இல் கூர்மையாகக் காட்டினார்கள். தானியங்கிச் சரிபார்ப்பு முறைகள் நிஜ வதந்திகளில் வெற்றி பெற்றதாகச் சொல்லப்பட்ட இடங்களில், அவற்றுக்குக் கிடைத்த சான்று எங்கிருந்து வந்தது என்று பார்த்தார்கள். பல இடங்களில் அந்தச் சான்று, அதே வதந்தியைப் பற்றி மனிதர் ஒருவர் எழுதி முடித்த சரிபார்ப்புக் கட்டுரையிலிருந்து கசிந்ததாக இருந்தது. வினாத்தாளோடு விடைத்தாளும் சேர்ந்து கிடைத்த மாணவரின் மதிப்பெண்ணை என்ன செய்வது? குளோக்னர் குழுவின் ஆய்வுக்குக் கிடைத்திருக்க வேண்டிய கவனம் கிடைக்கவில்லை என்று நினைக்கிறேன். பெரு மொழி மாதிரிகள் வந்தபின் இந்தச் சிக்கல் பல மடங்காகியிருக்கிறது. அவை இணையத்தை வாரி விழுங்கிப் பயின்றவை. 2016இல் பரவிய ஒரு பொய்யைக் காட்டி இது பொய்யா என்று கேட்டால், அதற்கான மறுப்பை அவை முன்பே படித்திருக்கும். சரியான விடை வருவதில் வியப்பில்லை. நாளை காலை கிளம்பப்போகும் வதந்தியில் அவை எப்படி நடந்துகொள்ளும் என்பதை அந்த விடை நமக்குச் சொல்லாது.

ஒன்றோடொன்று முரண்படுவதாகத் தோன்றும் இரண்டு புகழ்பெற்ற ஆய்வுகளையும் இந்தக் கோணத்தில் சேர்த்துப் படிக்கலாம். தாமஸ் கோஸ்டெல்லோ, கார்டன் பென்னிகுக், டேவிட் ராண்ட் மூவரும் 2024இல் சயின்ஸ் இதழில் வெளியிட்ட ஆய்வில், சதிக் கோட்பாடுகளை நம்பும் 2,190 அமெரிக்கர்கள் ஜிபிடி-4 மாதிரியோடு உரையாடினார்கள். அவர்களுடைய நம்பிக்கை சராசரியாக 20 சதவீதம் குறைந்தது. இரண்டு மாதம் கழித்தும் அந்த மாற்றம் நீடித்தது. இயந்திரம் சொன்ன 128 கூற்றுகளைத் தொழில்முறைச் சரிபார்ப்பாளர் ஒருவர் சோதித்தபோது 99.2 சதவீதம் உண்மையாக இருந்தன. அதே ஆண்டு இறுதியில் பிஎன்ஏஎஸ் இதழில் மேத்யூ டெவெர்னா, ஃபிலிப்போ மென்சர் குழுவினரின் ஆய்வு வந்தது. செய்தித் தலைப்புகளுக்கு அருகில் சாட்ஜிபிடியின் சரிபார்ப்பைக் காட்டினார்கள். பொய்த் தலைப்புகளில் பெரும்பாலானவற்றை அது சரியாகவே கண்டுபிடித்தது. ஆனாலும் வாசகரின் பகுத்தறியும் திறன் கூடவில்லை. இயந்திரம் தவறாகப் பொய் என்று சொன்ன உண்மைச் செய்திகளை மக்கள் நம்ப மறுத்தார்கள். தெரியவில்லை என்று அது சொன்ன பொய்ச் செய்திகளைக் கூடுதலாக நம்பினார்கள். மனிதர் எழுதிய சரிபார்ப்பு மட்டுமே உதவியது.

ஒன்று நம்பிக்கை தருகிறது, மற்றொன்று அச்சமூட்டுகிறது என்று இதைச் சுருக்கிவிடுவது சுலபம். இரண்டுக்கும் நடுவில் உள்ள வேறுபாடு சான்றின் வயது என்று எனக்குத் தோன்றுகிறது. நிலவில் மனிதன் இறங்கியது நாடகம், இரட்டைக் கோபுரத் தாக்குதல் அமெரிக்காவே செய்தது போன்ற கோட்பாடுகளுக்குப் பல பத்தாண்டுகளாக மறுப்புகள் குவிந்து கிடக்கின்றன. இயந்திரத்துக்கு எடுத்துப் பேச மலையளவு பொருள் இருக்கிறது. சலிக்காமல், கோபப்படாமல் எடுத்துப் பேசவும் அதனால் முடிகிறது. அது உண்மையான பயன், குறைத்துச் சொல்ல மாட்டேன். அண்மைச் செய்தியில் அந்த மலை இருப்பதில்லை. இல்லாத இடத்திலும் அதே சரளத்தோடு அது பேசுகிறது என்பதுதான் ஆபத்து. கொலம்பியா பல்கலைக்கழகத்தின் டோ மையம் 2025 மார்ச்சில் எட்டு ஏஐ தேடல் கருவிகளிடம் 1,600 கேள்விகள் கேட்டது. ஒரு செய்திப் பகுதியைக் கொடுத்து, இது எந்தச் செய்தியிலிருந்து வந்தது என்று கேட்கும் எளிய சோதனைதான். 60 சதவீதத்துக்கும் மேற்பட்ட விடைகள் தவறு. தெரியாது என்று சொல்லத் தெரியாததே அவற்றின் பெரிய குறை.

பொய்யை உருவாக்கும் பக்கத்தில் என்ன மாறியிருக்கிறது? கூகுள் ஆய்வாளர்களும் பிறரும் சேர்ந்து 1,35,838 சரிபார்ப்புகளை அலசி 2024இல் வெளியிட்ட ஆய்வில், 2023 வாக்கில் ஏஐ படங்கள் செங்குத்தாக ஏறுவது தெரிகிறது. அதே ஆய்வு காட்டும் இன்னொன்றைப் பலர் கவனிப்பதில்லை. பழைய படத்துக்குப் புதிய விளக்கம் ஒட்டும் எளிய ஏமாற்றே அப்போதும் பெரும்பான்மை.

தமிழ்நாடு இதை அனுபவித்திருக்கிறது. 2023 மார்ச்சில் இங்கே பீகார் தொழிலாளர்கள் தாக்கப்படுகிறார்கள், கொல்லப்படுகிறார்கள் என்று வடமாநிலங்களில் காணொளிகள் பரவின. அவற்றை உருவாக்க எந்த ஏஐயும் தேவைப்படவில்லை. காவல்துறைத் தலைவராக இருந்த சைலேந்திர பாபு வெளியிட்ட விளக்கத்தின்படி, ஒன்று பீகார் தொழிலாளர்களின் இரு குழுக்களுக்கிடையே நடந்த தகராறு. மற்றொன்று கோவையில் உள்ளூர்க்காரர்களுக்குள் நடந்த மோதல். ஆல்ட் நியூஸ் போன்ற தளங்கள் வேறு மாநிலங்களில் நடந்த குற்றங்களின் காட்சிகளும் இதில் கலந்திருந்ததைக் கண்டுபிடித்தன. பீகார் அரசு அதிகாரிகள் குழுவொன்றை அனுப்பியது. அவர்கள் வந்து தொழிலாளர்களிடம் நேரில் பேசினார்கள். இதற்குள் பல தொழிலாளர்கள் பயந்து ஊருக்கு ரயில் ஏறியிருந்தார்கள். அந்த முதல் நாளில் எந்த சாட்பாட்டைக் கேட்டிருந்தாலும், அதற்குக் கிடைத்திருக்கக்கூடியது அதே வதந்தியைத் திரும்பச் சொல்லும் இந்திப் பதிவுகளும், அதை நம்பி வெளியிட்ட சில செய்திகளும்தான். மறுப்புக்கான சான்று திருப்பூரிலும் கோவையிலும் காவல் நிலையக் கோப்புகளிலும் தொழிலாளர் விடுதிகளிலும் இருந்தது. யாராவது போய் எடுத்துவந்த பிறகே அது இணையத்துக்கு வந்தது.

டீப்ஃபேக் வந்தபின் கூடியிருக்கும் தொல்லை, உண்மையையும் பொய் என்று தள்ளிவிட வழி கிடைத்திருப்பது. சட்டப் பேராசிரியர்கள் ராபர்ட் செஸ்னியும் டேனியல் சிட்ரனும் 2019இலேயே இதைப் பொய்யருக்குக் கிடைக்கும் ஆதாயம் என்று எச்சரித்தார்கள். உலகளவில் இந்தச் சிக்கலுக்கு எடுத்துக்காட்டாகப் பேசப்பட்டது நம் மாநிலத்து நிகழ்வுதான். 2023 ஏப்ரலில், அப்போது நிதியமைச்சராக இருந்த பழனிவேல் தியாகராஜன் பேசியதாக இரண்டு ஒலிப்பதிவுகள் வெளியாயின. அவை இட்டுக்கட்டியவை, இன்றைய தொழில்நுட்பத்தில் யார் குரலையும் செய்யலாம் என்று அவர் மறுத்தார். ரெஸ்ட் ஆஃப் வேர்ல்ட் இதழ் அவற்றைத் தடயவியல் வல்லுநர்களிடம் கொடுத்துச் சோதித்தது. இரண்டாவது பதிவு உண்மையானது என்பதே வல்லுநர்களின் முடிவு என்று அந்த இதழ் எழுதியது. முதல் பதிவைப் பற்றி உறுதியாகச் சொல்ல முடியவில்லை. அரசியலில் யாருக்கு லாபம் என்பதை விட்டுவிடுவோம். தேர்ந்த வல்லுநர்களே ஒரு தமிழ் ஒலித்துணுக்கைப் பற்றி முடிவாகச் சொல்ல இயலாத நிலை என்பதுதான் ஆய்வாளர் கவனிக்க வேண்டிய செய்தி. கண்டறியும் கருவிகள் பெரும்பாலும் ஆங்கிலக் குரல்களில் பயின்றவை. வாட்ஸ்அப் வழியே பத்து கை மாறி நசுங்கி வரும் ஒலியில், கருவி தேடும் தடயங்களும் நசுங்கிவிடுகின்றன.

ஸ்லோவாக்கியாவில் 2023 செப்டம்பர் தேர்தலுக்கு இரண்டு நாள் முன்பு, கட்சித் தலைவர்களில் ஒருவரான மிகால் ஷிமெச்கா வாக்கு மோசடி பற்றிப் பேசுவதாக ஒரு போலி ஒலிப்பதிவு பரவியது. டீப்ஃபேக் கவிழ்த்த முதல் தேர்தல் என்று உலகம் முழுக்க எழுதினார்கள். அதை விரிவாக ஆராய்ந்த லூயிஸ் டி நாடலும் பீட்டர் யாஞ்சாரிக்கும் அந்த முடிவுக்கு ஆதாரம் போதாது என்கிறார்கள். அரசியல்வாதிகளே பொய் பரப்பும் சூழல், ஊடகத்தின்மீது வற்றிப்போன நம்பிக்கை இவற்றுக்குள் வைத்துத்தான் அந்தப் பதிவைப் பார்க்க வேண்டும் என்பது அவர்கள் கருத்து. ஏஐ பற்றிய கூற்றுகளுக்கும் சரிபார்ப்பு தேவைப்படுகிறது என்பதால் இதைக் குறிப்பிடுகிறேன்.

தமிழுக்கு வருவோம். சரிபார்ப்பாளருக்கு ஏஐ செய்யக்கூடிய மிகப் பெரிய உதவி தீர்ப்புச் சொல்வது அன்று. வந்திருக்கும் செய்தியை ஏற்கெனவே யாராவது சரிபார்த்திருக்கிறார்களா என்று பொருத்திப் பார்ப்பது. ‘கைரேகை வைக்காதவர்களின் பெயர் குடும்ப அட்டையிலிருந்து நீக்கப்படும்’ என்று ஒரு ஃபார்வர்டு வருவதாக வைத்துக்கொள்வோம். அதுவே அடுத்த குழுவில் ‘ரேகை வைக்கலன்னா ரேஷன் கார்டுல பேரை எடுத்துடுவாங்களாம், எல்லாருக்கும் சொல்லுங்க’ என்று இருக்கும். மூன்றாவது குழுவில் ஆங்கில எழுத்தில் தமிழாக வரும். நான்காவதில் ஒரு பெண்மணியின் குரல் பதிவு, மதுரைப் பேச்சில். மனிதருக்கு இவை நான்கும் ஒரே செய்தி. சொல்லை மட்டும் பார்க்கும் இயந்திரத்துக்கு நான்கும் வெவ்வேறு. அஷ்கான் கசேமி, கிரண் கரிமெல்லா, டெவின் காஃப்னி, ஸ்காட் ஹேல் ஆகியோர் 2021இல் வெளியிட்ட ஆய்வு இந்தச் சிக்கலை எடுத்துக்கொண்டது. வாட்ஸ்அப் உதவி எண்களுக்கும் பொதுக் குழுக்களுக்கும் வந்த செய்திகளை ஆங்கிலம், இந்தி, வங்காளம், மலையாளம், தமிழ் என ஐந்து மொழிகளில் பொருத்திப் பார்த்தார்கள். தமிழ் வதந்திகளை ஆய்வுப்பொருளாக மதித்த அரிய முயற்சி அது. புதிய மொழி மாதிரிகள் இந்தப் பொருத்தும் வேலையை இன்னும் நன்றாகச் செய்கின்றன. 2024 மார்ச்சில் இந்தியச் சரிபார்ப்பு நிறுவனங்களின் கூட்டமைப்பு தொடங்கிய டீப்ஃபேக் பகுப்பாய்வுப் பிரிவின் வாட்ஸ்அப் எண், ஆங்கிலம், இந்தி, தெலுங்கோடு தமிழிலும் இயங்கியது.

பொருத்துவதற்குப் பழைய சரிபார்ப்பு ஒன்று இருந்தாக வேண்டுமே! தமிழ் விக்கிப்பீடியாவில் 1.7 லட்சத்துக்கும் மேற்பட்ட கட்டுரைகள். ஆங்கிலத்தில் 70 லட்சத்துக்கும் மேல். நம்பகமான பக்கங்கள் அருகிய இடத்தை மைக்கேல் கோலபியவ்ஸ்கியும் டானா பாய்டும் 2018இல் தரவு வெற்றிடம் என்று அழைத்தார்கள். அந்த வெற்றிடத்தில் முதலில் எழுதியவர் சொல்வதே தேடலில் வந்து நிற்கும். 2025இல் ரஷ்ய ஆதரவு ‘பிராவ்தா’ தளங்கள் லட்சக்கணக்கான பக்கங்களைக் கொட்டி சாட்பாட்களுக்கு நஞ்சூட்டுகின்றன என்ற பரபரப்பு எழுந்தது. பிறகு வந்த ஓர் ஆய்வு, அந்தத் தளங்கள் விடைகளில் எட்டிப்பார்ப்பது பெரும்பாலும் வேறு நல்ல மூலம் இல்லாத கேள்விகளில்தான் என்று காட்டியது. ஒரு பேரூராட்சித் தேர்தல் தகராறு, ஒரு கோயில் நிலப் பிரச்சினை, ஒரு சாதி மோதல் பற்றித் தமிழில் கேட்கும் கேள்விகள் அநேகமாக எல்லாமே இந்த வகை.

அரசு தரும் சான்றை மட்டும் நம்பி இந்த வெற்றிடத்தை நிரப்பவும் முடியாது. ஒன்றிய அரசின் சரிபார்ப்புப் பிரிவுக்கு அதிகாரம் தந்த விதியைப் பம்பாய் உயர் நீதிமன்றம் 2024 செப்டம்பரில் ரத்து செய்தது. தமிழ்நாடு அரசும் 2023இல் தனக்கென ஒரு தகவல் சரிபார்ப்பகத்தை அமைத்தது. அரசு தன்னைப் பற்றிய செய்தியைத் தானே சரிபார்க்கும்போது அது ஒரு தரப்பின் விளக்கம். இயந்திரமோ அரசு முத்திரையைக் கண்டால் அதற்கு எடை கூட்டிக்கொள்ளக்கூடும்.

சான்றைத் திரட்டுபவர்களின் வருமானம் இந்த நேரத்தில்தான் சரிகிறது. 2016 டிசம்பரில் தொடங்கிய திட்டத்தின் கீழ் சரிபார்ப்பு நிறுவனங்களுக்குப் பணம் கொடுத்துவந்த மெட்டா, 2025 ஜனவரி 7 அன்று அமெரிக்காவில் அதை நிறுத்துவதாகவும், பயனர்களே குறிப்பு எழுதும் முறைக்கு மாறுவதாகவும் அறிவித்தது. சரிபார்ப்புகளைத் தேடலில் தனித்துக் காட்ட உதவிய கிளெய்ம்ரிவ்யூ குறியீட்டுக்கான ஆதரவைக் கூகுள் அதே ஆண்டு விலக்கிக்கொண்டது. பயனர் குறிப்புகள் மாற்றாகிவிடுமா? கோபன்ஹேகன் ஆய்வாளர்கள் எக்ஸ் தளத்தின் குறிப்புகளை அலசியபோது, அவை தொழில்முறைச் சரிபார்ப்புகளை முன்பு நினைத்ததைவிட ஐந்து மடங்குவரை அதிகமாக மேற்கோள் காட்டுவது தெரிந்தது. அந்தக் குறிப்புகளை எழுத ஏஐயையும் எக்ஸ் 2025இல் அனுமதித்தது. அதாவது, இயந்திரம் எழுதும் குறிப்புக்கும் அடியில், எங்கோ ஒருவர் தொலைபேசியில் பேசி எழுதிய கட்டுரை கிடக்கிறது. அந்த ஒருவருக்குச் சம்பளம் கொடுப்பவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள்.

ஆய்வாளர்களின் நிலைமையும் இறுகியிருக்கிறது. ட்விட்டர் தரவை இலவசமாகப் பெறும் வழி 2023இல் மூடப்பட்டது. ஃபேஸ்புக்கில் எது பரவுகிறது என்று காட்டிய கிரவுட்டேங்கிளை மெட்டா 2024 ஆகஸ்டில் நிறுத்தியது. ஸ்டான்ஃபோர்டின் இணைய ஆய்வகம் அதே ஆண்டு சுருட்டப்பட்டது. கிடைக்கும் தரவிலும் இயந்திரத்தின் கை படிந்திருக்கிறது: 2023இல் நடந்த ஓர் ஆய்வில், மனிதர் எழுதித் தர வேண்டிய சுருக்கங்களில் 33 முதல் 46 சதவீதம்வரை மொழி மாதிரியின் உதவியோடு எழுதப்பட்டிருக்கலாம் என்று மதிப்பிட்டார்கள். ஸ்வீடன் ஆய்வாளர்கள் கூகுள் ஸ்காலரில் சாட்ஜிபிடியால் எழுதப்பட்டதாக ஐயப்படத்தக்க 139 கட்டுரைகளைக் கண்டார்கள். ஏமாற்றுதல் பற்றிய ஆய்வில் பெயர்பெற்ற ஸ்டான்ஃபோர்டு பேராசிரியர் ஜெஃப் ஹான்காக், மின்னசோட்டா மாநிலத்தின் டீப்ஃபேக் சட்டத்துக்கு ஆதரவாக 2024இல் தாக்கல் செய்த சான்றுரையிலேயே, இல்லாத கட்டுரைகள் மேற்கோளாக இருந்தன. ஜிபிடி-4o பயன்படுத்தியபோது நேர்ந்தது என்று அவர் ஒப்புக்கொண்டார். நீதிபதி அந்தச் சான்றுரையை ஏற்க மறுத்தார். இத்துறையில் ஆழ்ந்த பயிற்சி உள்ளவருக்கே இது நேர்ந்தது.

தமிழகத்தின் இதழியல் துறைகளும் கணினித் துறைகளும் சேர்ந்து செய்யக்கூடிய ஒரு வேலை இருக்கிறது. தமிழில் பரவிய கூற்றுகளை அவை முதலில் தோன்றிய தேதியோடு ஒரு பொதுத் தொகுப்பாகச் சேர்க்கலாம். பேச்சுவழக்கும் குரல் பதிவும் ஆங்கில எழுத்துத் தமிழும் அப்படியே இருக்கட்டும். ஒவ்வொன்றையும் சரிபார்த்தவர் எதைத் தேடி எடுத்தார், யாரிடம் கேட்டார், எந்த ஊருக்குப் போனார், தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் எந்த மனுவுக்கு என்ன பதில் வந்தது என்று தனித்தனிப் பத்தியாகக் குறிக்க வேண்டும். பெயர் வெளியே தெரிவதை விரும்பாதவர்களின் பெயர்களை நீக்கிவிடலாம். அழிந்துபோகக்கூடிய பதிவுகளுக்கு வேபேக் மெஷினில் படி எடுத்து வைக்கலாம். பிறகு எந்த மொழி மாதிரியைச் சோதித்தாலும், கூற்று தோன்றிய நாள்வரை இணையத்தில் இருந்ததை மட்டும் அதற்குக் கொடுத்துக் கேட்க வேண்டும். தேடியதால் மட்டும் தீர்ந்தவை எத்தனை, ஆள் போன பிறகு தீர்ந்தவை எத்தனை என்று அப்போது தனித்தனியாக எண்ண முடியும். போதிய சான்று இல்லாத கூற்றுகளில் அந்த மாதிரி ‘தெரியாது’ என்று எத்தனை முறை சொன்னது என்பதையும் அதே அட்டவணையில் சேர்க்க வேண்டும்.